புதுவாயலிலிருந்து இலண்டன் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிக் கொல்கத்தா வரை நீளும் பெருஞ்சாலையில், கவரைப்பேட்டையை ஒட்டி அமைந்துள்ள ஊர் புதுவாயல். அந்நாளில் இச்சாலையை ஜி.என்.டி. ரோடு என்றே எல்லாரும் அழைத்தனர்; முதியோர் நாவில் இன்றும் அப்பெயரே வழங்குகிறது. இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை பெரியபாளையம் செல்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி, அங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். வயலும் தொழிற்கூடமும் கல்லூரியும் லாரிகளும் ஒன்றோடொன்று நெருங்கி வாழும் பகுதி இது.

இத்தகைய ஊரில் நின்றுகொண்டு விமானப் பயணத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசக அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. இவ்வட்டாரத்து வீடுகளில் மகனோ மகளோ மருமகனோ கடல் கடந்து வாழாத குடும்பங்கள் குறைந்து வருகின்றன. தொழிற்பயிற்சி முடித்த இளைஞர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் இங்கிலாந்து செல்கின்றனர். பொறியியல் கற்றோர் அதற்கும் அப்பால் செல்கின்றனர். திண்ணையில் அமர்ந்திருக்கும் தாயார், “இலண்டன் எவ்வளவு தூரம்? வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்?” என்று கேட்கும்போது, அது வெறும் பூகோளக் கேள்வியன்று. தனக்கு ஒன்று நேர்ந்தால் பிள்ளை வந்து சேருவானா என்பதே அக்கேள்வியின் உட்பொருள். எனவே இக்கேள்விக்கு ஒழுங்கான விடை காண முற்படுவோம்.

முதலில் தூரம். சென்னை விமான நிலையத்திலிருந்து இலண்டன் ஹீத்ரோ நிலையம் வரை, பூமியின் மேற்பரப்பில் இயன்ற மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். இதனை யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. இரு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டு அறிகின்றனர். ஆயினும் அக்கணக்குக்கு ஆதாரமாக, பூமியின் உருவமும் பருமனும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை அறிவதற்காக ஒரு காலத்தில் மனிதர் மெய்யாகவே சங்கிலி பிடித்தனர். அதுவும் எங்கே? இன்றைய சென்னை விமான நிலையத்துக்கு எதிரே நிற்கும் பரங்கிமலையின் அடிவாரத்திலேதான்.

1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளின்மேல் கிடத்தி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்பதையும் கணக்கிலெடுத்து, அடி அடியாக அளந்து முடிக்க அவருக்கு 57 நாட்கள் பிடித்தன. இந்திய நாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த மாபெரும் நில அளவைக்கு அதுவே தொடக்கம். அந்த ஏழரை மைலை, அதாவது 12 கிலோமீட்டரை, உயரத்தில் பறக்கும் இன்றைய விமானம் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. ஐம்பத்தேழு நாட்களின் பொறுமை ஒரு நிமிடத்தின் வேகத்துக்கு அடித்தளமாயிற்று என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இனி, ‘மிகக் குறுகிய வழி’ என்றோமே, அது எவ்வழி? சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால், அது அரபு நாட்டின் மீதும் மத்தியதரைக் கடலின் மீதும் செல்வது போலத் தோன்றும். ஆனால் பூமி உருண்டை. சுவர்ப் படமோ தட்டை. பள்ளிக்கூடத்தில் உள்ள பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் முனையைச் சென்னையிலும் மறுமுனையை இலண்டனிலும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடமேற்காக ஏறி, மராட்டிய, குஜராத் நிலங்களைக் கடந்து, சிந்து, ஈரான் ஆகியவற்றின் மேலாகச் சென்று, காஸ்பியன் கடலைத் தொட்டு, காக்கசஸ் மலைகளையும் உக்ரைனையும் போலந்து, ஜெர்மனி பகுதிகளையும் தாண்டி இலண்டனை அடையும். வழியின் நடுப்புள்ளி காஸ்பியன் கடலின்மேல் விழுகிறது. வீட்டில் சிறுவர் இருப்பின் அவர்களைக்கொண்டே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுது இன்பமாகக் கழியும்.

வானூர்தி ஓட்டுநர் அனைவரும் இந்நூல்வழியையே நாடுகின்றனர். ஆயினும் நூல் செல்லும் வழியே எப்போதும் செல்ல முடிவதில்லை. வானத்துக்கும் எல்லைகள் உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று போர் மூண்டதும் உக்ரைன் வானவழி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் வானவழி மூடிக் கிடந்தது. மீண்டும் 2025 ஏப்ரல் 24 அன்று அந்நாடு இந்திய விமானங்களுக்குத் தன் வானவழியை அடைத்தது. அவ்வாண்டு ஜூனில் ஈரான் வானமும் சில நாட்கள் மூடப்பட்டது. ஒவ்வொரு கதவும் அடைபடும்போது விமானம் சுற்றிச் செல்ல வேண்டும், எரிபொருள் கூடும், நேரம் கூடும், பயணச்சீட்டின் விலையும் கூடும். இரு நகரங்களுக்கிடையே தூரம் என்றும் மாறாதது. ஆனால் அவற்றுக்கிடையேயுள்ள வழியை மனிதரின் பகைமை நீட்டிவிடுகிறது. யாரோ இரு அரசர் பகைக்க, புதுவாயல் தாயாரின் காத்திருப்பு ஒரு மணி நேரம் நீள்கிறது.

அடுத்து நேரம். நெடுந்தூரம் செல்லும் பயணிகள் விமானம், தரையிலிருந்து 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 8,230ஐ 900ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் ஓடுதளத்தில் ஊர்ந்து செல்வதும், மேலே ஏறுவதும், இறங்குமுன் வரிசைக்குக் காத்து வட்டமிடுவதும், வழி வளைவதும் கணக்கில் சேர வேண்டும். ஆகவே சென்னையிலிருந்து நிற்காமல் செல்லும் விமானம் இலண்டனை அடையப் பத்தரை முதல் பதினொரு மணி நேரம் ஆகிறது. திரும்பி வரும்போது பத்து மணி நேர அளவில் வந்துவிடுகிறது.

போவதற்கு அதிகம், வருவதற்குக் குறைவு என்பது எதனால்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியாயின் பூமி நம்மை நோக்கிச் சுழன்று வரும். மேற்கே செல்வதே எளிதாக இருக்க வேண்டும். உண்மை அதுவன்று. பூமியோடு அதன் காற்றுமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. வேறுபாட்டுக்குக் காரணம் உயரத்தில் வீசும் காற்று. வடகோளத்தின் நடுப்பகுதியில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஒரு கடுங்காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் சில வேளை மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் அதற்கு உண்டு. எதிர்த்துச் செல்வோருக்கு அது தடை. உடன் வருவோருக்கு அது துணை.

இக்காற்றின் வலிமைக்குச் சான்று ஒன்று கூறலாம். டில்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு ஏர் இந்தியா விமானம் முன்னர் மேற்கே திரும்பி அட்லாண்டிக் வழியாகச் சென்றது; அவ்வழி சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அது கிழக்கே திரும்பிப் பசிபிக் மாகடலைக் கடந்து சென்றது. அவ்வழி சுமார் 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியும், காற்று பின்னிருந்து தள்ளியமையால் பதினான்கரை மணி நேரத்தில், முன்னையினும் விரைவாகச் சேர்ந்துவிட்டது. சுற்றுவழி நேர்வழியினும் விரைவாதலும் உண்டு!

நேரத்தில் இன்னொரு மயக்கம் கடிகாரத்தால் வருவது. 1906 சனவரி முதல் நாள் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வகுக்கப்பட்டது. அதற்கு முன் சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது. அது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. இன்றைய இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தியது. இங்கிலாந்தில் மார்ச்சு இறுதி ஞாயிறு முதல் அக்டோபர் இறுதி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால், அம்மாதங்களில் வேறுபாடு நான்கரை மணியே.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். குளிர்காலத்தில் சென்னையில் காலை 6 மணிக்கு ஏறுபவர் இலண்டனில் காலை 11.15க்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரப்படி ஐந்தேகால் மணி நேரமே! திரும்பும்போது அங்கே பகல் 1 மணிக்கு ஏறி, மறுநாள் விடியல் 4.30க்குச் சென்னையில் இறங்குகிறார். இப்போது பதினைந்தரை மணி நேரம்! இரண்டும் உண்மையன்று. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழ பத்தே கால் மணிக்குச் சற்று மேல் வரும். அதுவே போகவர ஆகும் நேரத்தின் உண்மையான சராசரி. பயணச்சீட்டில் அச்சிட்டுள்ளவை அந்தந்த ஊர் மணியே என்பதை வீட்டார் நினைவில் கொள்க. இதனை அறியாது நள்ளிரவில் விமான நிலையத்துக்குச் சென்று, மறுநாள் வரை காத்துக் கிடந்த குடும்பங்கள் உண்டு.

நம் முன்னோர் காலத்தை நினைத்தால் இந்தப் பத்து மணி நேரம் வியப்பே. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின்னரும் பம்பாயிலிருந்து இங்கிலாந்து செல்லக் கப்பலில் இரண்டு மூன்று வாரங்கள் ஆயின. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டி, அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொணர்ந்தார். அகமதாபாத்தில் அவ்விமானத்துக்கு வேண்டிய எண்ணெய் மாட்டு வண்டியில் வந்ததாம். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அத்தபாலைப் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னையில் சேர்த்தார். இலண்டன் தபால் வானவழியே சென்னைக்கு வந்து சேரும் தொடர் அன்று முழுமையுற்றது. 1948 சூன் 8 அன்று ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயில் புறப்பட்டு, கெய்ரோ, ஜெனீவா ஆகிய இடங்களில் நின்று, 10ஆம் நாள் இலண்டன் சேர்ந்தது. 1960இல் ஜெட் விமானம் வந்தபோது பயணம் மேலும் சுருங்கியது.

அதன் பின்? அன்பர்களே, இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1960களின் ஜெட் விமானம் பறந்த வேகமும் இன்றைய புது விமானம் பறக்கும் வேகமும் ஏறத்தாழ ஒன்றே. ஒலியினும் விரைந்து பறந்த ‘கான்கார்டு’ விமானம் 2003 அக்டோபரில் பயணிகள் சேவையை முடித்துக்கொண்டது. அறுபது ஆண்டுகளில் கூடியது வேகமன்று. நிற்காமல் செல்லும் ஆற்றலே. இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை 15,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பறந்து கடக்கும் சேவை உள்ளது. ஆகவே எதிர்காலத்தில் பிள்ளைகள் இன்னும் விரைவில் வந்து சேருவர் என்று நம்பியிருக்க இப்போதைக்கு இடமில்லை.

இலண்டனை விட்டு, நம்மவர் மிகுதியாகச் செல்லும் இரு நகரங்களைப் பார்ப்போம். சென்னையிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்? சுமார் 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூர்? சுமார் 2,920 கிலோமீட்டர். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. தராசின் இரு தட்டுகளைப் போல, நடுமுள்ளாகச் சென்னை நிற்கிறது. இரண்டுக்கும் வானில் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. சிங்கப்பூர் நம்மினும் இரண்டரை மணி முந்தியது. துபாய் ஒன்றரை மணி பிந்தியது. ‘ரஜூலா’ கப்பலில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றோர் ஒரு வாரத்தைக் கடலில் கழித்தனர். அக்கப்பல் 1973இல் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ கப்பலின் சேவையும் 1985 தீவிபத்தோடு முடிந்தது. அன்று கப்பலேறியவனை ஊரார் அழுது வழியனுப்பினர். தந்தையின் இறப்புச் செய்தி அவனை அடையும்போது இங்கே முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருக்கும். இன்றோ செய்தி நொடியில் செல்கிறது. இதனாலேயே புதியதொரு துன்பம் பிறந்துள்ளது. செய்தி போகும் வேகத்தில் ஆளும் வந்துவிடுவான் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

இறந்தோர் வீட்டில் பங்குக் குருக்களாகிய எம்மிடம் முதலில் கேட்கப்படுவது, “சாமி, அடக்கம் எத்தனை மணிக்கு?” என்பதே. மகன் துபாயில் இருக்கிறான் என்பர். “நாலு மணி நேரந்தானே சாமி, மாலைக்குள் வந்துவிடுவான்” என்பர். அப்போது நாம் அமர்ந்து கணக்குப் போட வேண்டியுள்ளது. அக்கணக்கை இங்கேயும் போட்டுப் பார்ப்போம்.

காலை 6 மணிக்கு இங்கே உயிர் பிரிந்தது என்று கொள்வோம். அங்கே அப்போது 4.30. உறங்கும் மகனை எழுப்பிச் செய்தி சொல்லலாம். ஆனால் விடுப்புத் தரும் அலுவலகம் திறக்க அங்கே 8 மணி, இங்கே 9.30 ஆகும். கடவுச்சீட்டு தன் கையில் இருக்கிறதா, மேலாளர் ஒப்புதல் தருவாரா, சில நாடுகளில் வேண்டப்படும் வெளியேறும் அனுமதி கிடைக்குமா என்பனவெல்லாம் முடிந்து பயணச்சீட்டு வாங்க நம் நேரம் நண்பகல் ஆகிவிடும். உடனே புறப்படும் விமானத்தில் இடம் இராது. இரவு விமானத்தில் கிடைக்கும். மூன்று மணி நேரம் முன்னதாக நிலையம் செல்ல வேண்டும். நம் நேரம் இரவு 10க்குப் புறப்பட்டால் பின்னிரவு 2க்குச் சென்னையில் இறங்குவான். குடிநுழைவுச் சோதனை, பெட்டி, வாயில் எல்லாம் கடக்க ஒரு மணி நேரம். அங்கிருந்து புதுவாயலுக்குச் சாலை வழி ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது விடியல் 5 மணி. மொத்தம் 23 மணி நேரம். அதில் வானில் பறந்தது நான்கே மணி நேரம்! இலண்டனிலிருந்து வருவோருக்கு இதே கணக்கு ஒன்றரை நாளை எட்டும். நேர்விமானம் கிடைக்காது வழியில் மாறி வருவோருக்கு இன்னும் கூடும்.

எனவே குடும்பத்தாருக்கு நாம் சொல்லுவது இதுவே: விமானம் பறக்கும் நேரத்தைக் கொண்டு அடக்க நேரத்தைக் குறிக்காதீர். பயணச்சீட்டு கைக்கு வந்து, எண்ணும் நேரமும் தெரிந்த பின்னரே ஊராருக்கு அறிவியுங்கள். அதற்கு முன் நேரத்தைச் சொல்லிவிட்டு இரண்டு முறை மாற்றினால், ஐஸ் பெட்டியருகே அமர்ந்திருக்கும் முதியோரும், தொலைவிலிருந்து வந்த உறவினரும், எல்லாரினும் மேலாக வந்துகொண்டிருக்கும் அந்த மகனும் படும் வேதனை சொல்லுந் தரமன்று. வானில் இருக்கும் அந்த நான்கு மணி நேரம் அவனுக்கு ஒரு யுகம். யாரிடமும் பேச இயலாது, அழவும் இடமிராது.

இதுவரை கடல் கடந்தோரைப் பற்றிக் கூறினோம். இதே புதுவாயலில், கும்மிடிப்பூண்டியில், நம் அண்டையில் வாழும் வேறு சிலரையும் நினைக்காமல் இக்கணக்கு நிறைவுறாது. சிப்காட் தொழிற்கூடங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர் பலர் உழைக்கின்றனர். சென்னையிலிருந்து பாட்னா வானவழியே சுமார் 1,490 கிலோமீட்டர். அதாவது துபாயின் தூரத்தில் ஏறத்தாழப் பாதி. விமானத்தில் இரண்டரை மணி நேரம். ஆயினும் அவ்விளைஞர் செல்வது இரயிலில். கவரைப்பேட்டை வழியாக வடக்கே விரையும் அவ்வண்டிகளில், முன்பதிவில்லாப் பெட்டியின் நெரிசலில், ஒன்றரை நாளுக்கும் மேல் நின்றும் அமர்ந்தும் செல்கின்றனர். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி விரைவு வண்டி கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிய செய்தியை நாம் மறந்திரோம். உயிர்ச்சேதம் இல்லாதது இறைவன் அருள். துபாயில் இருக்கும் நம் மகனைக் காட்டிலும், நம் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் பீகார் மகன் தன் தாயிடமிருந்து தொலைவில் இருக்கிறான். கிலோமீட்டர் அதனைச் சொல்லாது, சட்டைப்பையே சொல்லும். அவன் வீட்டில் துயரம் நேர்ந்தால் உடனே அனுப்பிவைப்பதும், வழிச்செலவுக்குக் கைகொடுப்பதும் நம் கடமையன்றோ? நம் பிள்ளைக்கு அயல்நாட்டு முதலாளி என்ன செய்ய வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அதனை நாம் இங்கே செய்வோம்.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு. 1990ஆம் ஆண்டளவில் போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ்கின்றன. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் ஏறத்தாழ 360 கிலோமீட்டர் மட்டுமே, மதுரையினும் அருகு. பல பத்தாண்டுகளுக்குப் பின் 2019 நவம்பரில் அங்கே விமானச் சேவை தொடங்கியது; 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. ஆனால் கடவுச்சீட்டும் குடியுரிமையும் இல்லாதவருக்கு அந்த 360 கிலோமீட்டர், முப்பது ஆண்டுகளாகக் கடக்க முடியாத தூரமாக இருந்து வந்துள்ளது. வீட்டை விட்டுப் புறப்பட்டபோது குழந்தையாக இருந்தவர் இன்று பேரப்பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கின்றனர்.

தூரத்தின் உண்மையை நாம் அனைவரும் ஒருசேரக் கற்றது 2020இல். அவ்வாண்டு மார்ச்சு 23 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. வழக்கமான அட்டவணைப்படி அவை மீண்டும் பறந்தது 2022 மார்ச்சு 27 அன்று. இடையே சிறப்பு ஏற்பாட்டு விமானங்கள் சில வந்துபோயின. ஆயினும் எத்தனையோ மக்கள் தம் பெற்றோரின் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் கண்டு அழுதனர். அதற்கு முன்பே 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் புகுந்து சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் அனுப்பப்பட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நிலையம் மூடப்பட்டது. எவ்வளவு விரைந்து பறந்தாலும், இறங்க இடம் வேண்டுமே! அதனை ஓர் ஆறோ ஒரு கிருமியோ மறுத்துவிடக் கூடும்.

இவற்றையெல்லாம் அச்சமூட்டுவதற்காக எழுதவில்லை. குடும்பங்கள் செய்துகொள்ளத் தக்க ஏற்பாடுகள் சில உள. அயல்நாட்டில் இருப்போர் தம் கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமேனும் செல்லுபடியாகும் நிலையில் வைத்திருக்க வேண்டும். அவசரப் பயணத்துக்கென்று ஒரு தொகையைத் தொடாது ஒதுக்கி வைக்க வேண்டும். வேலை செய்யுமிடத்தில் அவசர விடுப்புக்கு யாரிடம் கேட்பது, என்ன ஆவணம் காட்டுவது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். வீட்டிலிருப்போரும் மகனின் முகவரி, நிறுவனத்தின் தொலைபேசி எண், அவனோடு தங்கியிருக்கும் நண்பர் ஒருவரின் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நலம். துயர வேளையில் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது.

இவையாவற்றினும் மேலானது ஒன்று. பெற்றோர் நோயுறும்போதே பிள்ளைகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். “பிள்ளை அங்கே கவலைப்படுவானே” என்று மறைத்து வைத்து, மூச்சு நின்றபின் அழைப்பதே இங்கே வழக்கமாகிவிட்டது. மருத்துவர் கைவிரித்த நாளிலேயே சொல்லியிருந்தால், அதே பயணச்சீட்டில், அதே நான்கு மணி நேரத்தில், அவன் வந்து தாயின் கையைப் பிடித்திருப்பான்; அவளும் அவன் குரலைக் கேட்டுக் கண்மூடியிருப்பாள். ஒரு வாரம் முன்னதாகச் செய்த ஒரு தொலைபேசி அழைப்பு எந்த விமானத்தினும் விரைவானது.

சோழவரத்தில், நாம் நாள்தோறும் கடந்து செல்லும் சாலையருகே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்தபின் அங்கே பல ஆண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. போருக்கும் பந்தயத்துக்கும் வேகம் வேண்டியிருந்தது. குடும்பத்துக்கு வேண்டுவது வேகமன்று, வேளையறிந்து வருதலே. புதுவாயலிலிருந்து இலண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்கும் தாயாருக்கு, 8,230 கிலோமீட்டர், பத்தரை மணி நேரம், வீடு வந்து சேர ஒன்றரை நாள் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுவோம். சொல்லிவிட்டு, இந்தத் தவணை விடுமுறைக்கு வரும்படி மகனுக்கு இன்றிரவே ஒரு வார்த்தை சொல்லுமாறும் கூறுவோம். அங்கே அப்போது மாலை. அவன் வேலை முடிந்து வந்திருப்பான்.